என் எண்ணுக்கு வராத அழைப்பு

ஜூன் 10, திங்கள்

நேற்று பஸ் டிக்கெட் முன்பதிவு மென்பொருள் படுத்துவிட்டதாம். ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறது. அந்தப் பகுதியை எழுதியதே நான். எனக்கு ஒரு போன்கூட வரவில்லை! பக்கத்து மேஜைக்காரர் ஓடி வந்து, பகல் முழுக்கத் தடவி, கடைசியில் முன்பதிவையே நிறுத்தியிருக்கிறார். இன்று டீ ஆறுவதற்குள் பிழையைப் பிடித்துவிட்டேன்.

மேலாளரிடம் கேட்டேன். "உங்க வீட்டுக்காரருக்குப் போட்டோமேம்மா. லீவு நாள்ல லேடீஸை நேரா கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

வேலையில் சேர்ந்த அன்று வீட்டு ஆள் ஒருவரின் எண் கேட்டார்கள். எனக்கு அடிபட்டால் சொல்வதற்கு என்றல்லவா நினைத்தேன்?

வீட்டில் இவர், "நீ துணி மடிச்சிட்டிருந்த. பாவம், அலுப்பா இருக்கும்னு, அவ நாளைக்கு வருவான்னு சொல்லிட்டேன். உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்மா" என்கிறார்.

ஜூன் 11

மற்றப் பெண்களிடம் விசாரித்தேன். ஒருத்திக்கு அப்பா எண், இன்னொருத்திக்கு மாமனார் எண். அந்த மாமனாருக்கு சர்வர் என்றால் ஹோட்டலில் பரிமாறுகிறவர்.

ஜூன் 21

குழுத் தலைவர் பதவி பக்கத்து மேஜைக்காரருக்கு. எனக்குத்தான் என்று எவ்வளவு நம்பியிருந்தேன்.

"அவசரம்னா அவர் ஓடி வர்றாரும்மா. நீங்க வந்ததே இல்லையே" என்கிறார் மேலாளர்.

கூப்பிட்டாத்தானேய்யா வருவேன்! கூப்பிடாம விட்டுட்டு, வரலைன்னு எம்மேல பழியா? பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னேன். கழிப்பறைக்குப் போய் அழுதேன். அழுததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

ஜூன் 22

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்?" என்றார் இவர்.

"உங்க நல்லது என் வேலைக்கு உலை வச்சிருச்சுங்க."

சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். படுக்கட்டும்.

ஜூன் 24

இனி எனக்கே போன் போடுங்கள் என்று மேலாளரிடம் சொன்னேன். "சரிம்மா, வீட்ல சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

ஜூலை 7, ஞாயிறு

காலையிலேயே மென்பொருள் மறுபடி படுத்துவிட்டதாம். மத்தியானம் போன் இவருக்குத்தான் வந்தது. அப்படியே என்னிடம் நீட்டினார். "சார், மேடத்தைக் கொஞ்சம் அனுப்பி வைக்க முடியுமா?" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார் மேலாளர்.

"குழுத் தலைவரைக் கூப்பிடுங்க சார். அவசரம்னா ஓடி வர்றவர் அவர்தானே?"

"அவர் காலையிலேர்ந்து இங்கதாம்மா உக்காந்திருக்கார்…"

"அப்படியா? இது என் வீட்டுக்காரர் போன். நான் வேணும்னா எனக்குப் போடுங்க."

வைத்துவிட்டேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணி மடிக்க உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. இரண்டு துண்டு பாக்கி இருந்தது. அதையும் மடித்து வைத்துவிட்டு எடுத்தேன்.