சாமுவேலின் முறை

1957 ஜூலை, ஞாயிறு இரவு. மேலகரம்.

சாமுவேலை அடக்கம் பண்ணிய பிறகு இன்றுதான் வீட்டில் மறுபடி குடும்ப ஜெபம். மத்தியானம் வந்த உபதேசியார், "அழக்கூடாதும்மா, பிள்ள கர்த்தர்கிட்ட சொகமா இருக்கான்" என்றார். தலையை ஆட்டி வைத்தேன். எரிச்சலாக வந்தது. பெற்றவள் அழாமல் வேறு யார் அழுவார்கள்?

இருட்டியதும் விளக்கைச் சுற்றி உட்கார்ந்தோம். மூத்தவள் கிரேஸ் மனப்பாட வசனம் சொன்னாள். அடுத்தது சாமுவேலின் முறை. அவன் தினமும் 'இயேசு கண்ணீர் விட்டார்' என்ற வசனத்தையே சொல்வான். வேதத்திலேயே அதுதான் சின்னது என்று சோம்பேறித்தனம். "ஏலே, வேற ஒண்ணும் படிக்கலியா?" என்று அவன் அப்பா வைவார்.

இன்று யாரும் வாய் திறக்கவில்லை. ஓட்டின்மேல் சாரல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. தாங்க முடியாமல் என் வசனத்தைத் தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"பொறுட்டி. அவன் முறைக்கு நான் சொல்லுதேன்."

அதையே சொன்னார்.

அந்த வசனத்தில், செத்துப்போன சிநேகிதனின் கல்லறைக்குப் போகிற வழியில் ஆண்டவரே அழுதிருக்கிறார். என் பிள்ளை அதைத் தினமும் சொல்லியும் என் காதில் ஏறவில்லை. வாய்விட்டு அழுதேன். அவன் அப்பாவும் அழுதார். ஆமென் சொல்லாமலே எழுந்துவிட்டோம்.