மதகு திறக்கும் கைக்கு

என் அன்பு இன்ஜினியரம்மாவுக்கு,

முடி வெட்டும் புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, நம் மகள் வாலு மூவரும் சுகம். தினமும் குளித்தால் இன்னும் சுகமாக இருப்போம். நீ அங்கே மலைமேல் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அணையின் அளவுகோலைப் பார்த்துக்கொண்டே பசியை மறந்துவிடுகிறாயா? போனமுறை வந்தபோது கன்னமே இல்லாமல் வந்தாய். அத்தை இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி என்னைத்தான் முறைக்கிறார்.

ஜீப் டிரைவர் உன் கடிதத்தை இன்று காலை கடையில் கொடுத்தார். நாளை விடிந்ததும் மலைக்குத் திரும்புகிறாராம். நாளை சாயங்காலத்துக்குள் நீ முடிவெடுத்தாக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். உன் செல்போனுக்கு அங்கே சிக்னல் இல்லை. ஆபீஸ் போனில் பேசினால் நடுவில் நாலு பேர் தும்முவது கேட்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கத்தரிக்கோல் பிடித்துப் பழகிய கை, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்க்கதை. "வெள்ளம் வருமுன் அணை போடுன்னுதான் பெரியவங்க சொன்னாங்க. வெள்ளம் வருமுன் அணையைத் திறந்துவிட்டவளை இப்பதான் பாக்குறோம்." போன மாதம் முழுக்க என் கடை பெஞ்சில் ஓடிய வசனம் இது. பெருமழை வருகிறது என்று வானிலைக்காரர்கள் சொன்னதை நம்பி, நிறைந்திருந்த அணையில் மூன்றில் ஒரு பங்கை நீ ஆற்றில் விட்டாய். அந்த மழையோ கரைக்கே வராமல் கடலிலேயே பெய்து தீர்த்துவிட்டது. இருப்பதைக் கோடை முடியும்வரை இழுக்க வேண்டுமாம். குழாயில் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

நல்லவேளை, அணையில் இருப்பது யார் வீட்டுப் பெண் என்று பலருக்குத் தெரியாமல் இருந்தது. அதையும் நானே கெடுத்தேன். சனிக்கிழமை மளிகைக்கடைக்காரர் ஷேவிங்குக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. "எந்த மகராசி அந்த மதகைத் திறந்தாளோ, அவ கை வெளங்காமப் போக" என்று ஆரம்பித்தார். கத்தி சரியாக அவர் தொண்டைக்குழிக்கு வந்திருந்த நேரம். "அவ என் பொண்டாட்டிதான் அண்ணே, கொஞ்சம் ஆடாம இருங்க" என்றேன். மனுஷன் எச்சில்கூட விழுங்கவில்லை. முடிந்ததும், "நல்லாப் படிச்ச புள்ளையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனார். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. இப்போது பெஞ்சில் ஆள் குறைவு. எனக்கு அதில் வருத்தம் இல்லை, சிரித்துச் சிரித்து வயிறுதான் வலிக்கிறது.

உன் அம்மா கதை வேறு. வீட்டுக்குள் இருக்கும்வரை, "பெத்தவளுக்கே பல்லு விளக்கத் தண்ணி இல்லாம பண்ணிட்டா" என்று பாத்திரத்தைப் போட்டு உருட்டுவார். அதையே பக்கத்து வீட்டுக்காரி சொல்லட்டும், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு சண்டைக்குப் போய்விடுவார். இன்னொரு கூத்தும் நடக்கிறது. குழாயில் தண்ணீர் வரும் நாளில் முதல் வாளியைப் பிடித்து, தட்டால் மூடி, குளியலறை மூலையில் வைத்துவிடுகிறார். யாரும் தொடக்கூடாது. அடுத்தமுறை தண்ணீர் வந்ததும் அதைத் துணி அலசக் கொடுத்துவிட்டு, புதிதாக ஒரு வாளி பிடித்து மூடுகிறார். வாலு அதில் காகிதக் கப்பல் விட்டு முதுகில் ஒன்று வாங்கினாள். எதற்கு அத்தை இது என்று நான் கேட்டதற்கு, "உங்க வேலையைப் பாருங்க மாப்பிள்ளை" என்று பதில்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் மழைக்கு மாதம் தெரியும், இப்போது ஒரு பருவத்து மழை இரண்டே நாளில் கொட்டுகிறது, இல்லாவிட்டால் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, ஆபீஸ் விதிமுறை மட்டும் அப்பா காலத்துச் சட்டைபோல அப்படியே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இப்போது வரும் மழை போனதைவிட இருமடங்கு என்கிறார்கள், மேலதிகாரியோ "உன் பொறுப்பில் செய்" என்று நழுவிக்கொண்டார், திறந்து மழை வராமல் போனால் அணையில் பாதிகூட மிஞ்சாது, திறக்கவா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய்.

மத்தியானம் கீழ்த்தெரு தையல்காரர் கடைக்கு வந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அணை நிறைந்து வழியும்வரை வைத்திருந்து எல்லா மதகையும் ஒரேயடியாகத் திறந்தார்களே, அந்த வெள்ளத்தில் தையல் மெஷினை எடுக்கத் திரும்பிப் போன மனைவியைப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு அவர் என் கடைப்பக்கம் வந்ததில்லை, தாடியும் எடுத்ததில்லை. இன்று கையில் ஒரு கேன் தண்ணீரோடு வந்தார். "கடையில தண்ணிக்குக் கஷ்டம்னு கேள்விப்பட்டேன்" என்று அதை மூலையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தாடி பாதி இறங்கியபோது, "மறுபடி மழையாமே, தங்கச்சி திறக்குமா?" என்றார். நான் கத்தியைத் துடைத்தேன். "திறக்கச் சொல்லுங்க. தண்ணி இல்லாம நான் இருந்துக்குவேன்" என்றார். எனக்குக் கண் மறைத்ததால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன்.

உன் கணக்கு எனக்குப் புரியாது, கண்ணு. எனக்குத் தெரிந்தது முடி. வெட்டிய முடியை ஒட்ட முடியாது, விட்ட தண்ணீரையும் திருப்ப முடியாது. மதகில் உன் கை தயங்குவது அதனால்தான் என்று தெரிகிறது. ஆனால் முடி மறுபடி வளரும். தையல்காரர் வீட்டில் போனது வரவில்லை.

நீ திறந்து, மழையும் வந்தால், கீழ்த்தெருவில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்து வடிந்துவிடும். "இதுக்கா இவ்வளவு பயமுறுத்தினாங்க" என்று என் பெஞ்சில் உட்கார்ந்து சலித்துக்கொள்வார்கள். உனக்கு ஒருத்தரும் நன்றி சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். மழை வராவிட்டால் உன் வேலை போகலாம், கடையும் படுக்கலாம். படுக்கட்டும். தலைமுடி உள்ள ஊர் எதுவானாலும் நமக்குச் சோறு உண்டு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அத்தை வந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். வழக்கம்போல ஒரு பாட்டு இருக்கும் என்று நினைத்தேன். "திறக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை. ஊரே ஏசினாலும் பரவால்ல. அவ எந்நேரம் வந்தாலும் தலைக்கு ஊத்திக்க ஒரு வாளி தனியா மூடி வச்சிருக்கேன்னு அதுல எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன். திற. மழை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, வேலை முடிந்ததும் கடைத்தெரு வழியாகவே, தலை நிமிர்ந்து வீட்டுக்கு வா. முதல் சொம்பை நான் ஊற்றுகிறேன்.

அந்தக் கையை இங்கிருந்தே பிடித்துக்கொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரன்