பழுதே இல்லாத கட்டடம்

மார்ச் 3
சம்பளப் பேச்சு முடிந்தது. என் பொறுப்பில் இருக்கும் கட்டடத்தில் இந்த வருடம் லிப்ட் நிற்கவில்லை, தண்ணீர் நிற்கவில்லை, ஏசி நிற்கவில்லை. பணியாளர் பிரிவு அம்மாள் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "எல்லாம் தானா ஓடுதே சார், நீங்க நாள் முழுக்க என்னதான் செய்றீங்க?" மூன்று சதவீத உயர்வு. பிச்சை போடுகிறவர்கள்கூட முகத்தைப் பார்த்துப் போடுவார்கள்.

மார்ச் 4
வட்டார மேலாளர் பதவிக்குப் பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவனைச் சிபாரிசு செய்திருக்கிறார்களாம். அங்கே வாரம் தவறாமல் லிப்ட் மாட்டிக்கொள்ளும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடுவான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் தீயணைப்பு. ஓடுகிறவன்தான் கண்ணுக்குத் தெரிகிறான் போல. "இன்னும் கொஞ்ச வருஷத்துல கட்டடத்தை கம்ப்யூட்டரே பாத்துக்கும். இப்ப மேல ஏறாதவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்று என்னிடமே சொல்கிறான். சிரித்து வைத்தேன்.

மார்ச் 16
நாளை கம்பெனித் தலைவர் வருகிறார். மேல்மாடியில் கூட்டம்.
ஒரு யோசனை. அசிங்கமான யோசனைதான்.

மார்ச் 17
செய்துவிட்டேன்.
மேல்மாடி ஏசிக்குக் குளிர்ந்த தண்ணீர் போகும் வால்வை முக்கால்வாசி மூடினேன். கீழ்த்தள இயந்திர அறை என் மைத்துனன் பொறுப்பு. மனைவியின் தம்பி. நான்தான் வேலையில் சேர்த்துவிட்டேன். அவன் டீ குடிக்கப் போயிருந்தான்.
மதியம் மேல்மாடி வெந்தது. தலைவர் டையைக் கழற்றும்வரை காத்திருந்து, பிறகு கீழே ஓடி வால்வைத் திறந்தேன். நனைந்த சட்டையோடு திரும்பியபோது எழுந்து நின்று என் பெயரைக் கேட்டார். இத்தனை வருடத்தில் முதல் முறை.
"யாரோட கவனக்குறைவு இது?"
யாரைச் சொல்வது? அந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள்? — சொன்னேன்.

மார்ச் 18
"காலையில முழுசா திறந்து வச்சேன்னுதான் நெனச்சேன் மாமா. திறக்கல போல. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல."
மைத்துனன் முதுகில் தட்டிக்கொடுத்தேன். நான்லாம் ஒரு மனுஷனா? உண்மை வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

மார்ச் 24
அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 6
வட்டார மேலாளர் நான்தான். மைத்துனன் இடத்துக்கு இனி ஆள் கிடையாதாம். அந்தச் சம்பளத்தில் மிச்சமாவதைத்தான் எனக்குக் கூட்டியிருக்கிறார்கள். பணியாளர் பிரிவு அம்மாள் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாள், சிரிக்கவும் செய்தாள். தீயணைப்பு கை கொடுத்தான். அவன் கை ஈரமாக இருந்தது. அதில் ஒரு சந்தோஷம் எனக்கு. பொய் சொல்வானேன்.

மே 2
மைத்துனன் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். ஒரு பெரிய கடையில் ஏசி பார்க்கும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. "என்னை நம்பி ஒரு மெஷினையும் விடாதீங்க" என்கிறான்.
"நீங்க மட்டும் இல்லன்னா அவன்மேல கேஸே போட்டிருப்பாங்களாம். தம்பி சொல்லிச் சொல்லி அழறான்" என்றாள் மனைவி, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே.
பாதிச் சாப்பாட்டில் அவன் எழுந்து அடுப்புச் சிலிண்டரின் வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்து வந்தான். உட்கார்ந்தான். மறுபடியும் எழுந்தான்.
"மூடினேனான்னு தெரியல மாமா. நீங்க ஒரு தடவ பாருங்க. நீங்க பாத்தா சரியா இருக்கும்."
போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் மூடியிருந்தான்.