வலப்பக்கச் சாமான்கள்

ஆரையம்பதி
08.07.2025

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நானும் மகளும் சுகம். நீங்களும் சுகம் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். அதை நம்புவதா விடுவதா என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் நீங்கள் கேட்ட சாமான்களோடு இதையும் பெட்டிக்குள் போடுகிறேன்.

நம்முடைய பைக் சாமான் கடை வழமைபோல நடக்கிறது. வெயில்தான் ஆளைக் கொல்லுகிறது. தக்ஷாயினி சுவரில் ஒட்டிய தேசப்படத்தில் நீங்கள் போன ஊரெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டு வந்தாள். இப்போது பேனையைத் தொடுவதில்லை. அப்பா பூட்டானுக்குள் எப்ப போவார் என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்?

நீங்களும் காத்தான்குடி ஷிஹானும் இரண்டு பைக்கையும் கப்பலில் ஏற்றிய அன்று நான் அழவில்லை. இருபது வருசம் ஊரார் பைக்கைத் திருத்திய மனிசன் தன்னுடைய பைக்கில் நாலு நாடு பார்க்கட்டும் என்று நானே திருநீறு பூசி அனுப்பினேன். இந்தியா முழுக்க ஓடும்போது ஒரு நாள் தவறாமல் படம் வந்தது. நேபாளத்தில் பொக்காராவுக்குப் போனதும் நின்றுவிட்டீர்கள். மண் சரிந்து பாதை மூடிவிட்டது என்றீர்கள். இருபத்திரண்டு நாளாக மூடியிருக்கிறதாம். ஆனால் அதே பாதையால் ஷிஹான் கத்மண்டுவுக்கு இரண்டு தரம் போய் வந்திருக்கிறார். அவருடைய மனைவி முப்லிஹா அதை வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் கடைக்கு வந்ததே எனக்குச் சந்தேகம். பெருநாளும் இல்லை, வீட்டில் விசேசமும் இல்லை. வட்டிலப்பத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அரை மணித்தியாலம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்ன விசயம் என்று கேட்டால், சும்மா பார்த்திட்டுப் போக வந்தன் என்கிறாள். சும்மா வந்த ஆளுக்கு ஏன் கண் கலங்க வேண்டும்?

பிறகு உங்கள் படங்கள். முந்தி பைக்கில் ஏறி நிற்பீர்கள், மலையில் ஏறி நிற்பீர்கள், தலை முதல் சப்பாத்து வரை தெரியும். இந்த இருபத்திரண்டு நாளில் வந்தது ஏழு படம். ஏழிலும் இருக்கிறீர்கள். ஏழும் இடுப்போடு முடிகிறது. ஒன்றில் ஓரமாக ஒரு பெண்ணின் நீலச் சட்டைக் கை தெரிந்தது. அந்தக் கையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு நாள் அவளைத் திட்டித் தீர்த்தேன். உங்களையும் விடவில்லை.

மூன்றாம் நாள் உங்கள் சாமான் பட்டியல் வந்தது. நான் உங்கள் மனிசி மட்டுமில்லை, பதினெட்டு வருசம் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்று சாமான் எடுத்துக் கொடுப்பவள். அதை எப்படி மறந்தீர்கள்? வலப்பக்கக் கண்ணாடி, வலப்பக்கக் கால்மிதி, முன் பிரேக் லீவர், பின் பிரேக் பெடல், சைலன்சர் மூடி. எல்லாம் தேய்ந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். கண்ணாடி தேயுமா? இடப்பக்கத்தில் ஒரு ஆணிகூடக் கேட்கவில்லை. பைக் எந்தப் பக்கம் விழுந்தது என்று அந்தத் தாளே சொன்னது. அப்போதுதான் அந்த நீலச் சட்டை ஆஸ்பத்திரித் தாதியின் சட்டை என்று விளங்கியது. உண்மையைச் சொல்கிறேன் மச்சான், அது பொம்பிளை விசயமாகவே இருந்துவிடக்கூடாதா என்று அம்மனிடம் கேட்டேன். எந்தப் பெண்சாதியாவது இப்படிக் கேட்பாளா?

அடுத்த கிழமை இன்னொரு செய்தி. பெடல் வேண்டாம், அதற்குப் பதிலாகப் பட்டறை இராசதுரை அண்ணனிடம் ஒரு கை பிரேக் செய்வித்து அனுப்பு, இங்கே கால் இல்லாத நேபாளக்காரன் ஒருவனுக்கு உதவி என்று எழுதினீர்கள். நல்ல மனசுதான். ஆனால் நீங்கள் கொடுத்த கேபிள் நீளம் உங்களுடையதைப் போன்ற பைக்குகளுக்கு அண்ணன் கேட்டு நான் எத்தனையோ தரம் வெட்டிக் கொடுத்த நீளம். பொய் சொல்வதென்றால் அளவையாவது மாற்றியிருக்கக் கூடாதா?

ஆனாலும் போனேன். சண்டையில் கால் போனவர்கள் எத்தனை பேர் நம்முடைய பக்கத்தில் அண்ணனிடம் போய் வலது கால் மிதிக்கிற பிரேக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவரும் அப்படித்தான் ஓடுகிறார். அவர் எல்லாரிடமும் கேட்பதையே என்னிடமும் கேட்டார். ஆருக்குப் பிள்ளை இது, முழங்காலுக்கு மேலயா கீழயா என்று. கீழே என்றால் பொய்க்கால் போட்டுக் காலாலேயே மிதிக்கலாமாம், கை பிரேக் தேவைப்படாதாம். நேபாளக்காரனுக்கு என்று சொன்னேன், மற்றது தெரியாது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெல்டிங்கை நிறுத்தி, எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார். அவருடைய பட்டறையில் இருந்துதான் நான் அழுதேன். செய்ததற்குக் கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

நீங்கள் ஏன் மறைக்கிறீர்கள் என்றும் யோசித்துப் பார்த்தேன். இது என் சீதன வீடு. பொம்பிளை வீட்டில் வந்து இருக்கிற ஆம்பிளைக்குக் கைகால் ஓடும்வரைதான் மரியாதை என்று ஒருமுறை கோபத்தில் சொன்னீர்கள். அன்று நான் மறுத்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். வீட்டு உறுதிப் பத்திரத்தில்தான் என் பெயர் இருக்கிறது. வீடு உங்களுடையது, நானும் உங்களுடையவள். இதை வாயால் சொல்ல எனக்கு வெட்கம், அதனால் எழுதிவிட்டேன்.

நீங்கள் வேண்டாம் என்ற பெடலையும் பெட்டியில் வைத்திருக்கிறேன். என் பைத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போட்டுக்கும் கொடுத்துவிட்டேன். கிடைத்ததும் தக்ஷாயினியை அஜந்தா அக்காவிடம் விட்டுவிட்டு வருவேன். வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை.

கண்ணகையம்மன் உங்களுக்குக் காவல் நிற்கட்டும். வேறு ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டாம், ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவும் மாட்டேன். அண்ணன் கேட்டதற்கு மட்டும் ஒரு சொல் எழுதுங்கள். மேலா, கீழா?

உங்கள்,
சுகந்தி