உனக்குத் தொற்றாத நோய்

பிரியமுள்ள செல்வி அக்கா,

பிரியம் என்று எழுதவே கை தயங்குகிறது. ஒரே மனிதருக்கு வாக்கப்பட்டவர்கள் நாம். நீ ஸ்ரீவில்லிபுத்தூரில், நான் ராஜபாளையத்தில். லாரியை நிறுத்திவிட்டு அவர் எந்த ஊருக்குப் பஸ் ஏறுவார் என்பதே என் வாழ்நாள் கவலையாக இருந்தது.

அவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் நம் இருவரையும் பரிசோதித்தார்கள். எனக்கு இருந்தது, உனக்கு இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "அவிய எங்கிட்ட வந்து மூணு வருசமாச்சு ஏட்டி. எனக்கு எப்படி வரும்?"

அழுதேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலை குளிர்ந்துபோனது அக்கா. அப்படியென்றால் அவர் எனக்கு மட்டும்தான்! அந்த நினைப்பை வைத்துத்தான் இந்த நோயையே தாங்கினேன். அவர் போய்ச் சேர்ந்தார். நான் மாத்திரையில் நன்றாகவே இருக்கிறேன். போன மாதம் மாரடைப்பில் நீயும் போய்விட்டாய்.

உன் மகள் மீனா உன் பெட்டியைத் திறந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். உள்ளே உன் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு. 'கணவருடன் உறவு சென்ற மாதம் வரை. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை.' அந்த மறுபரிசோதனையின் சீட்டும் கூடவே இருந்தது. அதிலும் தொற்று இல்லை.

வயிறு எரிந்தது. நேராக மாத்திரை தரும் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். இந்த வைரஸ் நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் தன்னைச் செருகிக்கொள்ளுமாம். அப்போது விழும் விரிசலை நம் செல்லே தன் ரிப்பேர் ஆட்களை வைத்து அடைத்துவிடுமாம். அந்த ரிப்பேருக்கான மரபணு ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அதனால் சிலருக்குத் தொற்று எளிதாகவும் சிலருக்குக் கடினமாகவும் ஆகலாமோ என்று ஆராய்கிறார்களாம்.

"அப்போ எங்க அக்காவுக்கு அதுதானா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்கு. சேர்ந்திருந்த ஒவ்வொரு தடவையும் தொத்தும்னும் இல்ல."

பஸ்ஸில் வரும்போது உன்னோடுதான் சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். அவரும் உனக்கு, நோய் தொற்றாத அந்த ரத்தமும் உனக்கு. எனக்கு ஒரு பொய்யை மட்டும் தந்துவிட்டுப் போனாய். நான் உடைந்துபோவேன் என்று பயந்தாயா? அந்தப் பெருந்தன்மையிலும் நீதான் ஜெயிக்க வேண்டுமா?

என் வீட்டுச் சுவரில் அவர் படத்துக்கு வலப்பக்கம் ஒரு ஆணி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பிற்காலத்தில் என் படம் மாட்ட நானே அடித்தது. அதில் உன் படத்தை மாட்டுகிறேன். இது சத்தியம். அவருடைய வருசத் திதிக்கு உனக்கும் சேர்த்தே இலை போடுவேன்.

இடப்பக்கமும் ஒரு ஆணி அடித்துவிட்டேன். அது எனக்கு.

இன்னும் வயிறு எரிகிற உன் தங்கை,
கனகா