எண்ணெய் பூசின வாய்

சேசு மரி சூசை

குன்றாண்டார்கோவில்
6-3-1961

அன்பு மகள் ஞானப்பூவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சினைப் பசுவும் ஆண்டவர் கிருபையில் சுகம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் அப்படியே இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் அப்பா நன்றாக இருக்கிறார், என் எதிரே உட்கார்ந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறார். அவருக்கு அவஸ்தை எண்ணெய் பூசியாயிற்று என்று ஊரிலிருந்து யாராவது உனக்கு எழுதியிருந்தால் பதறாதே. பூசியது நிஜம்தான், ஆனால் ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அவருக்குக் கல்லடைப்பு வந்து தரையில் உருண்டு புரண்டு கத்தினார், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கோயில் கூண்டு வண்டியைக் கேட்டு வரும்படி பக்கத்து வீட்டு உண்ணாமலையின் வீட்டுக்காரர் ஐயனாரை அனுப்பினேன். அவர் நம் வேதத்துக்காரர் இல்லையே, ஓடிய வேகத்தில் வண்டியை மறந்துவிட்டு, சாமி, அண்ணன் பெரிய அவஸ்தையில கெடக்காரு, வெரசா வாங்க என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது படுகிற பாட்டை. சாமியார் காதில் விழுந்தது சாகிறவனுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தை. சைக்கிளை மிதித்துக்கொண்டு எண்ணெய்ச் சிமிழோடு வந்துவிட்டார், கோயில் உபதேசியார் சாவு மணியே அடித்துவிட்டார்.

சாமியார் கழுத்தில் ஊதாப் பட்டையைப் பார்த்ததும் உன் அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று, நாங்கள் எதையோ மறைக்கிறோம் என்று நினைத்துவிட்டார், யார் சொல்லி இவர் வந்தார் என்று எனக்கும் விளங்கவில்லை, அழுதேன். நீ லுத்தரன் மிஷன் பிள்ளையைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவே போகாதவர், போனால் மகளை மன்னித்தாயா என்று கேட்பார்கள் என்றுதான் போகவில்லை. அன்றைக்குச் சாமியாரை மட்டும் இருக்கச் சொல்லி எங்களை வெளியே அனுப்பிவிட்டார். பிறகு கண், காது, மூக்கு, வாய் என்று எண்ணெய் பூசி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, ஞானப்பூவ வரச் சொல்லு, மாப்பிள்ளையையும் கூட்டியாரச் சொல்லு, பேரன் மொகத்தப் பாக்காமப் போறேனே என்று குழந்தை மாதிரி அழுதார். அந்தத் துக்கத்திலும் எனக்குச் சந்தோஷம் வந்தது, ஆண்டவர் மன்னிக்கட்டும்.

அப்புறம்தான் சாமியாரே சொல்லிக் கோயில் வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து இரண்டு நாளில் கல் விழுந்துவிட்டது, பயறு அளவுதான், அதைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார். வீட்டுக்கு வந்ததும் ஐயனார் சொன்ன சொல்லின் சங்கதி வெளியே வந்தது, ஊரே சிரித்தது, உன் அப்பா மட்டும் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். சாகப்போகிறோம் என்று சொன்ன சொல் இனி செல்லாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து நான் ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை.

நேற்று பூசை முடிந்து வரும் வழியில், அவளுக்கு எழுதுனியா என்றார். எழுதணுமா என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. வள்ளென்று விழுந்தார், எண்ணெய் பூசின வாயால சொல்லிப்புட்டேன், மாத்திப் பேசச் சொல்றியா என்று.

அதனால் ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு மூன்று பேரும் வந்து சேருங்கள். ரயிலில் நகை போட்டுக்கொண்டு வராதே, பேரனுக்குக் கண்ட இடத்துத் தண்ணீர் கொடுக்காதே. உன் அப்பா முறைத்தால் மாப்பிள்ளை தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர் முகமே அப்படித்தான் என்று சொல்லி வை. மாதா உங்களைக் கைவிடாமல் காக்கட்டும், பேரனுக்கு நெற்றியில் சிலுவை போட்டு என் முத்தம் கொடு.

மறக்காதே, இனிமேல் எனக்கு உண்ணாமலை வீட்டு விலாசத்தில் ஒளித்துக் கடிதம் போட வேண்டாம். உறையின் மேல் உன் அப்பா பேரையே எழுது. தபால்காரர் அந்தப் பேரைச் சொல்லி வாசலில் கூப்பிடட்டும், அவரே எழுந்து போய் வாங்குவார்.

உன் தாயார்
அந்தோணியம்மாள்