பழுப்புத் தாள் ஒட்டிய படம்

ஜனவரி 7, புதன்

காலை எட்டு மணி வரை மூடுபனி. நான்காம் மாடியிலிருந்து எதிர்க் கட்டடம் தெரியவில்லை. பிரஷர் மாத்திரை போட்டாயிற்று. மகன் செந்தில் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டான். அபுதாபி வந்து பதினெட்டு நாள். ஊரில் தண்ணீர்த் தொட்டி கழுவச் சொல்ல வேண்டும்.

மருமகள் உமா வீட்டுக்குள்ளும் முழுக்கை கார்டிகன். "ஏ.ஸி. குளிருதுத்தே." நல்லது. அடக்கமாக இருக்கிறது. இந்தப் பெண்ணிடம் குறை சொல்ல அதிகம் இல்லை. காபி சூடு போதாது. ஆனால் கதவை மூடினால் சத்தமே வராது. அலமாரி, குளியலறை, எதுவுமே. செந்திலிடம் பாராட்டிச் சொன்னேன். சிரித்தான்.

பேப்பரில் செய்தி: அந்த டச்சு ஓவியரின் நதி இரவுப் படம் பாரிஸிலிருந்து கடனாக வந்து இங்கே தீவில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த மாதக் கடைசி வரைதான். கான்வென்டில், ஏழாம் வகுப்பில் சிஸ்டர் அக்னேஸ் அதன் அச்சுப் பிரதியைத்தான் வரையச் சொன்னார். வானம், நட்சத்திரம், நதியில் விளக்குகள். கீழ்ப் பாகத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்குப் பழுப்புத் தாள் ஒட்டியிருக்கும். "கீழே வெறும் மணல், பெண்களே." மணல் வரைந்தேன். முதல் மதிப்பெண்.

செ.: "படம் பாக்க அம்புட்டுத் தூரமா? போன்ல பாருங்கம்மா."

போனில் பார்க்க மாட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

பனி இல்லை. உமாவோடு கீழே மளிகைக் கடை. வெண்டைக்காய், சின்ன வெங்காயம், புளி, பெருங்காயம். உமா கேட்டது: வலித் தைலம்.

கடைக்காரர் காயல்பட்டினத்துக்காரர். வாய் நீளம்.

"என்னம்மா, கதவு மறுபடியும் இடிச்சிட்டாக்கும்?"

உமா: "ஆமா பாய்."

"நாலாம் மாடியில எத்தன கதவு இருக்கு! உங்க வீட்டுக் கதவு மட்டும் ஏன் இப்படிப் பொல்லாததா இருக்கோ." என் பக்கம் திரும்பி, "அந்தக் கதவப் பெத்தவுக ஒரு வார்த்த சொல்லலாம்ல?"

கதவைப் பெற்றவர்களாம்! அடுத்தவர் வீட்டுக் கதவைப் பற்றிக் கடைக்காரருக்கு என்ன? வேறு கடையில் வாங்கச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை போகலாம் என்று செ. ஒருவழியாகச் சம்மதித்தான். அவன் வரவில்லை. உமா கூட வருவாள்.

ஜனவரி 10, சனி

வெயில் இதமாக. டாக்ஸி. டிரைவர் பெஷாவர்க்காரர், வழி முழுக்கப் போனில் சண்டை. சாம்பல் நிறப் பட்டு கட்டினேன். சரியான முடிவு.

படம்.

நினைத்ததைவிடச் சின்னது. நம் சாப்பாட்டு மேசையில் பாதி. ஆனால் எதிரே போய் நின்றதும் இரண்டடி பின்வாங்கினேன். அச்சுப் பிரதியில் அமைதியான இரவு. இது அமைதி இல்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் சாயம் மேடு மேடாக நிற்கிறது. அந்த மனிதர் தூரிகையால் தடவவில்லை, அறைந்திருக்கிறார். நட்சத்திரம் ஒவ்வொன்றும் வானத்தில் ஓங்கி வைத்த குத்து. கரையில் இருக்கிற விளக்குகள் தண்ணீருக்குள் கத்தி போல இறங்குகின்றன, பிடி வரைக்கும். அவ்வளவு அடியையும் வாங்கிக்கொண்டு அந்த நீலம் அப்படியே கிடக்கிறது. இவ்வளவு அழகை இத்தனை ஆத்திரத்தோடு ஒருவரால் செய்ய முடியுமா? கண்ணில் நீர். துடைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

பிறகு கீழே பார்த்தேன். மணல் இல்லை. ஓர் ஆணும் பெண்ணும்.

அறுபத்து மூன்று வருடம் எனக்குத் தெரியாமல் அங்கேயே நின்றிருக்கிறார்கள். வயதானவர்கள் போலத் தெரிந்தது. கை கோத்து. இதைத்தான் சிஸ்டர் தாள் ஒட்டி மறைத்தார். சிரிப்பு வந்தது. உமாவிடம் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "அந்தாளு அவ கையக் கோத்திருக்கானா, இழுத்துட்டுப் போறானாத்தே?"

"கோத்திருக்கிறார்கள். சரியாகப் பார்."

"இந்தா, இங்க பாருங்களேன்" என்று கையை நீட்டினாள். "மேடம், நோ டச்!" என்று காவலாளி ஓடி வந்தான். அவள் திடுக்கிட்டுக் கையை முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டாள், அடி விழப்போவது போல. கார்டிகன் கை முழங்கை வரை சரிந்தது.

நான்கு விரல் தடம், ஒரு கட்டைவிரல். அதற்கு மேலே பழையது ஒன்று. அதற்கும் மேலே இன்னொன்று.

மூன்று நாளைக்கு நீலம். ஒரு வாரத்தில் பச்சை. பத்தாம் நாள் மஞ்சள். இந்த அட்டவணையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் சித்திரை வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டவள். திருநெல்வேலியில் ஏ.ஸி. இல்லை, எனவே "கான்வென்ட் பழக்கம்" என்று சொல்லி வைத்திருந்தேன். எல்லோரும் மெச்சினார்கள்.

கதவை ஏன் சத்தமில்லாமல் மூடுகிறாள் என்றும் தெரிந்தது.

டாக்ஸியில் திரும்பினோம். இறங்கும்போது அவள்: "நீங்க ஒண்ணும் கேக்காதீங்கத்தே. அப்புறம் எனக்குத்தான்."

கடைக்காரர் பார்த்தார். இந்தமுறை நான்தான் தலை குனிந்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

எழுத முடிகிறதா பார்க்கிறேன். எழுத்து கோணுகிறது.

மதியச் சாப்பாடு. ரசம், உருளைக்கிழங்கு. பாதிச் சாப்பாட்டில் செ. ஆரம்பித்தான். "நேத்து எத்தன தடவ கூப்பிட்டேன்? ஏன் எடுக்கல?"

"மியூசியத்துல சைலண்ட்ல போடச் சொன்னாங்க."

"எவன் சொன்னான்?"

அவ்வளவுதான். எச்சில் கையோடு எழுந்தான். அவள் கூந்தலைப் பிடித்து ஃப்ரிட்ஜ் கதவில் மோதினான். ஒருமுறை. இரண்டாவது முறை. காந்தத்தில் மாட்டியிருந்த படங்கள் கீழே விழுந்தன. அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. பழக்கம்.

என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "நீங்க உள்ள போங்கம்மா."

என் வீட்டுக்காரருடைய குரல். அதே நிதானம். "நீ உள்ள போடா" என்று அவர் சொல்வார். பத்து வயது செந்திலை அறைக்குள் தள்ளி, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு நானே போய் அடி வாங்கிக்கொள்வேன். மறுநாள் "அம்மா விழுந்துவிட்டாள்" என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகப் படித்துக்கொண்டான்.

உள்ளே போகவில்லை.

இஞ்சி இடிக்கிற இரும்பு உலக்கை மேடை மேல் இருந்தது. அவன் இடது கையில் அவள் கூந்தல். வலது கை மேடையில் ஊன்றியிருந்தது. கான்வென்டில் ஸ்கேலால் படுக்கைவாட்டில் அடிக்க மாட்டார்கள், விளிம்பால், கணுவில். அப்படி அடித்தேன். எலும்பு முறிந்தது காதில் விழுந்தது. "எம்மா!" என்று அலறினான். குழந்தையில் அலறிய அதே குரல்தான். மறுபடி ஓங்கினேன். உமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்த்தே, போதும், போதும்!"

அவளுக்காகப் போதும் என்று யாரும் சொன்னதில்லை.

வருத்தம் இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை.

அதே நாள், மாலை. மருத்துவமனை.

இது வராந்தாவில் உட்கார்ந்து எழுதுவது. பேனா உமாவுடையது.

மூன்று பேரும் ஒரே டாக்ஸியில் வந்தோம். விசித்திரம். டாக்டர் மலையாளி, நடுவயதுப் பெண். எக்ஸ்ரே: இரண்டு விரல்.

"எப்படி ஆச்சு?"

செ.: "கார் கதவுல நசுங்கிடுச்சு டாக்டர்."

தடங்கல் இல்லாமல் வந்தது பொய். யார் பிள்ளை!

டாக்டர் எழுதிக்கொண்டே தலையைத் தூக்கினார். உமாவின் நெற்றியைப் பார்த்தார். கன்னத்தை. கார்டிகனை.

"உங்களுக்கும் கார் கதவுதானோ?"

செ. அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றேன். முழங்கால் வலித்தாலும் நின்றேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து உமாவின் குரல்.

"இல்ல."

ஒரே சொல். அப்புறம் அழுதாள், சத்தமாக. அவளிடமிருந்து நான் கேட்ட முதல் சத்தம்.

டாக்டர் நர்ஸிடம் ஏதோ சொன்னார். திரையை இழுத்தார்கள். செ.-ஐ மாவுக்கட்டு அறைக்கு அழைத்துப் போனார்கள். போகும்போது சட்டையைக் கழற்றி, பழக்கத்தில், என்னிடம் கொடுத்தான். பையில் அலமாரிச் சாவி. உமாவின் பாஸ்போர்ட் அந்த அலமாரியில். சாவியை என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

போலீஸிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், கூடவே தமிழ் தெரிந்த ஒருவர். உமா முதலில் உள்ளே போயிருக்கிறாள். கார்டிகன் பக்கத்து நாற்காலியில் கிடக்கிறது. நான்தான் கழற்றச் சொன்னேன்.

அடுத்து நான். சொல்ல வேண்டியவை:

1. உலக்கை. நான் அடித்தேன். கார் கதவு இல்லை.
2. ஃப்ரிட்ஜ். இரண்டு முறை.
3. சனிக்கிழமை பார்த்தது.
4. ரேடியோ. இது அவர்களுக்குத் தேவையில்லை என்பார்கள். இருந்தாலும் சொல்ல வேண்டும். அங்கிருந்துதான் ஆரம்பம்.

இந்த ரவிக்கையும் முழுக்கை. மடித்துவிட்டுக்கொள்கிறேன். முழங்கைக்குக் கீழே எலும்பு கோணலாகச் சேர்ந்த இடம் இன்னும் தெரியும்.

உமா வெளியே வருகிறாள். என் பெயரைத் தப்பாக உச்சரித்துக் கூப்பிடுகிறார்கள். முதலில் அதைத் திருத்திவிட்டு